எழுதியும் போகாத அக்கி

போன வாரம் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ வாசலில், போன் பேசிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"லிம்ஃபோமாவாம்" என்றார்.

கேன்சர்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய விலாவில் கொஞ்ச நாளாகக் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். வெந்த ஜவ்வரிசியை ஒட்டிவைத்த மாதிரி... சட்டை உரசினால் நீர் கசியும். மண்ணூர்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அக்கிதான்டா இது. எழுதிகினு வந்தா உதிர்ந்து பூடும்."

நீர்க்கொப்புளம் என்றால் அக்கி, அக்கி என்றால் காவி குழைத்து மேலே படம் எழுத வேண்டும். இதற்கு அப்பீல் உண்டா? எழுதினார்கள். போகவில்லை. மறுபடியும் எழுதினார்கள். பத்தியத்தில் ஏதோ குறை என்றார் நாத்தனார். கருவாடு சாப்பிட்டதாலோ என்று இவரும் யோசித்தார்!

ஒருவழியாகப் பூந்தமல்லியில் ஒரு ஸ்கின் டாக்டரிடம் இழுத்துப் போனேன். விலாவில் செக்கச்செவேலென்று ஒரு சிங்கம் நிற்பதைப் பார்த்த அந்தம்மா, முதலில் அதைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவினால்... கொப்புளத்தில் ரத்தம். வலி உண்டா? இல்லை. எத்தனை நாளாக? சின்ன வயதிலிருந்தே அங்கே நாலைந்து புள்ளிகள் உண்டாம்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் மூச்சுவிடவில்லை, மனுஷன். டாக்டர் துளியூண்டு சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்.

அந்த ரிசல்ட்டைச் சொல்லத்தான் டாக்டரே போன் செய்திருக்கிறார். சாயங்காலம் நேரில் வரச் சொன்னாராம். அதுவரை இவர், பைக் ஆர்.சி. புக் எந்த டிராயரில், இன்ஷூரன்ஸ் எதில் என்றெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார். அழாதே என்றார் — அழுதுகொண்டிருந்தது அவர்தான்.

எங்கள் கோலத்தைப் பார்த்து டாக்டரே ஆடிப்போய்விட்டார்.

"லிம்ஃபோமான்னு யாருங்க சொன்னது? நான் சொன்னது லிம்ஃபாஞ்சியோமா."

நடுவில் இருந்ததை டெப்போவின் ஹாரன் சத்தம் விழுங்கியிருக்கிறது! நிணநீர்க் குழாய்கள் தோலுக்கடியில் கோணல்மாணலாக வளர்ந்து, நீர் தேங்கி, கொப்புளமாகத் தெரிகிறதாம். அக்கிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

"அபூர்வமா வர்றதுதான். ஆனா கேன்சர் இல்ல, சாதாக் கட்டி. தொந்தரவு பண்ணா எடுத்துடலாம்."

'சாதா' என்ற வார்த்தை அன்றைக்குக் கேட்ட மாதிரி ஸ்பெஷலாக எனக்கு என்றைக்குமே கேட்டதில்லை.