ஜிஸ்னா எழுதிய முகம்

நான் கணக்கு டீச்சர். நிரூபிக்க முடியாத எதையும் வகுப்பில் சொல்வதில்லை. இதை நிரூபிக்க முடியாது. ஆனால் கேரளத்துச் சங்கனாச்சேரியில், எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில், பட்டப்பகலில் நடந்தது.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருடாவருடம் ஒரு வேலை கொடுப்பேன். சமன்பாடுகளை மட்டும் எழுதி, கணினித் திரையில் தன் முகத்தை வரைய வேண்டும். தாடைக்கு ஒரு பரவளையம். முடிக்கு அலைகள். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று வரம்பும் எழுத வேண்டும்.

ஜிஸ்னா முதலில் முடித்தாள்.

"மூக்கு உன்னோடதைவிட நல்லா இருக்கே?"

"நிஜ மூக்குக்கு சமன்பாடு கிடைக்கல டீச்சரே."

அடுத்த வாரம் பஸ் மோதி இறந்துபோனாள்.

நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு முன்பு அவள் அம்மா லில்லி வந்தார். "பெட்டியில கண்ணை மூடினபடிதான் பார்த்தேன் டீச்சரே. அவளே வரைஞ்ச முகம் இருக்காமே. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிற மாதிரி... அது ஒண்ணு போதும்."

அவரை வராந்தாவில் உட்காரச் சொன்னேன். மணி இரண்டே முக்கால். மழை.

லேபுக்குள் போய், ஜிஸ்னாவின் கணினிக் கோப்பைத் திறந்தேன். முடி வந்தது. தாடை, மூக்கு, உதடு.

கண்கள் வரவில்லை.

கண்களுக்கான ஆறு வரிகளும் பட்டியலில் இருந்தன. வரம்பைத் தலைகீழாக எழுதினால் கோடு விழாது. பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தப்பு அது. பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

லேப் உதவியாளர் சஜி எட்டிப் பார்த்தார். "உங்க கணக்குதான் தப்பா இருக்கும் டீச்சரே. நான் பத்தாம் கிளாஸ்ல தோத்ததும் இப்படித்தான்."

ஆறு வரிகளையும் ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டு கண்கள் வந்தன. அவளுடையவை. என்னைப் பார்த்தன.

மறுபடி முகத்தில் ஒட்டினேன்.

இல்லை...

சஜி வேறு கணினியில் திறந்தார். அதிலும் இல்லை.

கண் இருக்க வேண்டிய இடத்தில் நானே ஒரு வட்டம் எழுதினேன். வந்தது. மெல்ல மங்கியது...

போனது.

வெற்றுப் பக்கத்துக்குத் திரும்பினேன்.

அங்கும்... இல்லை.

பின்னால் மூச்சுச் சத்தம். லில்லி நின்றிருந்தார். திரையையே பார்த்தார். அழவில்லை.

"அவ கண்ணைக் குடுத்துட்டேன் டீச்சரே."

எனக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியில கண் தானம் கேட்டாங்க. அவ அப்பா துபாய்ல. கேட்டா சம்மதிக்க மாட்டார்னு நானே கையெழுத்துப் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

கண்கள் இருக்க வேண்டிய இடத்தை, கண்ணாடித் திரைமேல், விரலால் தடவினார். ஒன்று. பிறகு மற்றது.

"அவளுக்குப் பிடிக்கலையோ?"

சஜி கணினியை அணைக்கக் கை நீட்டினார்.

"வேண்டாம் சாரே," என்றார் லில்லி. "கொஞ்ச நேரம் இருக்கட்டும். அணைச்சா அவளை இருட்டுல விட்ட மாதிரி ஆயிடும்."