ஞானஸ்நானம் பெறாத குழந்தையோடு அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை

இந்த வலைப்பூவில் வழக்கமாக மலையும் அருவியும்தான் இருக்கும். இது அப்படிப்பட்ட பயணமல்ல. போன ஜூலையில் என் தங்கை ஸ்டெல்லாவின் பெண் குழந்தை, அம்பத்தூர் மருத்துவமனை ஒன்றில் பிறந்த மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அதை அடக்கம் செய்ய இடம் தேடிப் போனோம். எதிரிக்கும் வரக்கூடாத பயணம். வந்துவிட்டால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். தங்கை கணவர் டேனியல் ஆவடிக்காரர், பெந்தெகொஸ்தே சபை. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் பிறவியிலேயே ஒட்டிவரும் ஜென்மப் பாவம் நீங்கத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்போம். உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். அவர்களோ வேதத்தில் இல்லாததைச் செய்ய மாட்டார்கள். வளர்ந்து, தானே விசுவாசித்து முழுகினால்தான் ஞானஸ்நானம். குழந்தைக்கு மூச்சுத் திணறியபோது ஸ்டெல்லா கெஞ்சியும் டேனியல் சம்மதிக்கவில்லை.

காலை பத்து மணிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். ஆவடிக்கு எட்டு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். குழந்தையை வைத்த பெட்டி ஸ்டெல்லாவின் மடியில் இருந்தது. டேனியலின் சபைக்குச் சொந்தமாகக் கல்லறை கிடையாது. அதனால் அங்கிருந்த கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கே போனோம். பங்குச் சாமியார், அதாவது அந்தக் கோயில் பாதிரியார், வெளியூரில். கல்லறைக் கமிட்டிக்காரர் வாசலிலேயே நிறுத்தினார்.

"கொயந்தைக்குத் தண்ணி ஊத்துனீங்களா? ஊத்துனோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, குழி வெட்டச் சொல்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் டேனியல் "இல்லீங்க" என்றார். "அது ஒரு பாவமும் பண்ணல. எதைக் கழுவுறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தைதானே மாப்பிள்ளை!"

"பொய் சொல்றதுதான் பாவம் மச்சான். எம்புள்ளைய வெச்சிக்கினு அதை எப்படிச் செய்யறது?"

ஆட்டோவுக்குள்ளிருந்து ஸ்டெல்லா கேட்டாள்: "அப்போ எம்புள்ள இப்ப எங்க இருக்கு?"

"பரலோகத்துல," என்றார் டேனியல். கமிட்டிக்காரர் தரையைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கமிட்டிக்காரரின் முகத்தைத்தான்.

ஆட்டோக்காரர்தான் வழி சொன்னார். "பூந்தமல்லில, கரையான்சாவடி தாண்டி பொது இடுகாடு ஒண்ணு கீது அண்ணாத்தே. அங்க இன்னா மதம்னு கேக்க மாட்டாங்கோ. குந்துங்க, இட்டுகினு போறேன்."

பருத்திப்பட்டு வழியாகப் பத்து கிலோமீட்டர். சாலை முழுக்கக் குழி. ஒவ்வொன்றுக்கும் ஸ்டெல்லா பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். மதியத்துக்குள் புதைத்தோம். டேனியல் ஜெபித்தார். நான் மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொன்னேன். ஸ்டெல்லா எதற்கும் ஆமென் சொல்லவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: மருத்துவமனை தரும் இறப்புத் தாளைக் கையிலேயே வைத்திருங்கள், அது இல்லாமல் இடுகாட்டில் எதுவும் நடக்காது. கமிட்டியோடு மல்லுக்கட்டாமல் சாமியாருக்கே போன் போடுங்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஊர் திரும்பிய சாமியார் என்னைக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். "பெத்தவங்க ஞானஸ்நானம் கொடுக்க நினைச்சிருந்தாலே போதும்பா, பிஷப்கிட்ட அனுமதி வாங்கி அடக்கம் பண்ணலாம். அந்தத் தாய்தான் கேட்டிருக்காளே."

ஆறுதலாக இருக்குமென்று இதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கேட்டாள்: "அப்போ இனிமே தோண்டி எடுக்க விடுவாங்களாண்ணே?"