மலையா, முகிலா?

மலரக்காவின் முழுப்பெயர் சுகிர்தமலர் பூபாலசிங்கம். வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறார். நான் கொன்ஸ்ரன்ஸ், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறிப் போய் அதே கிளினிக்கில் வைத்தியருக்குக் கையுதவியாக நிற்கிறவள். விறைப்பு ஊசி போட்டு வாய் கோணிப்போய் இருக்கிற மனுஷரிடம், "தம்பி, நீங்கள் எந்தப் பக்கம்? வெளிநாட்டிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்கிற ஆளை நான் அங்கேதான் முதலில் கண்டேன். பதில் வராவிட்டாலும் அக்கா விடமாட்டார். கன்னத்தில் பஞ்சோடு அந்த மனுஷர் தலையையாவது ஆட்டும்வரை கேட்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அடுக்குமாடியின் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடப் போகும்போது, தை மாத விடியல்களில், கிழக்கே தூரத்தில் ஒரு சின்ன முக்கோணம் நீலமாகத் தெரியும். அது சிவனொளிபாதமலை என்பது அக்காவின் கட்சி. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் சிங்கம் அண்ணையோ, "அது முகிலப்பா. இஞ்சையிருந்து மலை எங்கை தெரியப்போகுது?" என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொல்லிவிடுவார். மேலே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாலும் பரவாயில்லை. லிஃப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும், மிச்சம் படி. அவருக்கு முழங்கால் நோ. இருபது வருஷமாகப் பாராமலே முகில் என்றார். எனக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை தை பிறந்ததும் அக்கா முடிவெடுத்தார். இங்கிருந்து அது தெரிந்தால் அங்கிருந்து கொழும்பு தெரியத்தானே வேண்டும்? போய்ப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. ஃபேஸ்புக்கில் ஒரு மலையேறும் குழுவின் விளம்பரத்தைக் கண்டு, என்னைக் கேளாமலே என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பகலில் ஏறி, மேலே தங்கி, விடியலைப் பார்த்துவிட்டு இறங்குவதாம்.

"இந்த வயசிலை உனக்கு இது தேவையோ?" என்றார் அண்ணை.

"அது முகிலெண்டால் நான் முகிலிலை ஏறப்போறன்," என்றார் அக்கா.

வழிகாட்டி கசுன் பஸ்ஸிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டார். பாதி வழியில் ஒரு தங்குமடம் உண்டு. களைத்தவர்களை அதற்கு மேலே கூட்டிப் போகமாட்டார். அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான், இறங்கும்போது வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டுப்பாதை. அட்டை, சேறு, காலைத் தட்டும் வேர். எனக்குக் கொஞ்ச நேரத்திலேயே நாக்குத் தள்ளியது. அக்காவோ பாசியைத் தடவிப் பார்த்துக்கொண்டு குஷியாக ஏறினார். இறங்கி வருகிற ஒவ்வொரு கூட்டத்தையும் கண்டு சிரித்து, "துரய்த?" என்று சிங்களத்தில் கேட்டார். தூரமோ என்று அர்த்தம். அவர்களும் பாவப்பட்டு, இன்னும் நிறையத் தூரம் அம்மா, மெதுவாகப் போங்கள் என்றார்கள். கசுன் திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அடுத்த கூட்டம் வந்தது. மறுபடியும் "துரய்த?"

தங்குமடத்தில் தேநீர் குடித்துவிட்டு எழும்பியபோது கசுன், "அக்கே, மெஹெ இன்ன," என்றார். இங்கேயே இருங்கள். தூரமா தூரமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் மேலே போய் மயங்கி விழுகிறவர்கள், பல தடவை பார்த்துவிட்டேன் என்றார். அக்கா கோப்பையோடு அப்படியே நின்றார். முகம் செத்துப்போனது. "நான் களைக்கேல்லைத் தம்பி," என்றார். பதற்றத்தில் சிங்களம் வரவில்லை.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அக்காவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். அந்தப் பக்கத்து ஆட்கள் வழியில் போகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெடும். "தூரமோ?" என்றுதான் கேட்பார்கள். அது ஒரு சுகம் விசாரிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பஸ்ஸுக்கு ஓடும்போதெல்லாம் அக்கா "தூரமோ?" என்று கேட்க, கொட்டாஞ்சேனை என்ன அவ்வளவு தூரமா என்று கோபப்பட்டிருக்கிறேன். இதையெல்லாம் கசுனுக்குச் சிங்களத்தில் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தங்கள் பக்கத்தில் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பதே "கொஹெத யன்னே?", எங்கே போகிறாய் என்பதுதானாம். இனி அப்படிக் கேட்பதென்றால் மேலே வரலாம் என்றார்.

"ஐயோ, மலையிலை நிண்டு அப்பிடிக் கேக்கக்கூடாது," என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். மிச்ச வழி முழுக்க, இறங்கி வருகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு ஏறினார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உச்சிக்குப் போனபோது ஒரே மூட்டம். குளிரில் சுருண்டு கிடந்துவிட்டு விடிய எழும்பினால் அதைவிட மோசம். மேற்கு என்று கசுன் காட்டிய பக்கத்தில் வெறும் வெள்ளை. சூரியனையும் காணவில்லை. சனம் புறுபுறுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, இப்போது விலகும், இப்போது விலகும் என்று நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த மலை மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது அக்காவின் போன் அடித்தது. அவருடைய விரல்கள் விறைத்திருந்தன. நான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். சிங்கம் அண்ணை.

"மலர், மேலை நிக்கிறியோ?"

"ஓம். ஏன் இப்பிடி மூச்சிளைக்கிறியள்?"

"மொட்டைமாடியிலை நிக்கிறன்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"தெரியுதப்பா," என்றார் அண்ணை. "நீ சொன்னது சரி. மலைதான். நல்ல வடிவாத் தெரியுது."

நாங்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஒன்றுமே தெரியவில்லை. மலை இப்படி மூடிக் கிடக்கையில் கொழும்பில் எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. இருபது வருஷமாக மலையை முகில் என்ற மனுஷன், இப்போது ஏதோ ஒரு முகிலைப் பார்த்து மலை என்கிறார். இல்லாவிட்டால் ஒன்றையுமே காணாமல் சொல்கிறார். எனக்கு விளங்கியது அக்காவுக்கு விளங்காதா? துருவித் துருவிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"உனக்கு அங்கை என்ன தெரியுது?" என்று அண்ணைதான் கேட்டார். "கொழும்பு தெரியுதோ?"

அக்கா அந்த வெள்ளையைப் பார்த்தார்.

"ஓம், தெரியுது," என்றார். "எங்கடை மொட்டைமாடியும் தெரியுது. கைபிடியைப் பிடிச்சு மெல்ல இறங்குங்கோ."