வலது கையில் நூற்று எண்பது

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன பெண்களுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுக்காகப் பரிசோதனை செய்ய எங்கள் கிளினிக்கிலிருந்து என்னை அனுப்பினார்கள். நான்காம் மாடி ஸ்டாக் ரூம். பிரிக்காத புடவைக் கட்டுகள் சுவராக நிற்க, நடுவில் நாற்காலி, பிபி மிஷின், நான். பதினெட்டு வருஷ நர்ஸ் வேலை. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் துடிப்புச் சத்தம் என் காதுக்குப் பழகிப்போன மழை மாதிரி, பெய்வதே தெரியாது.

மாரிச்செல்வி, இருபத்திரண்டு வயது, தென்காசிப் பக்கம். வலது கையில் பட்டையைச் சுற்றினேன். நூற்று எண்பதுக்கு நூற்றுப்பத்து.

"படியேறி வந்தியாம்மா?"

"லிஃப்ட்ல எங்கள விடமாட்டாவக்கா." சிரித்தாள்.

பத்து நிமிஷம் உட்காரவைத்துப் பார்த்தேன். அதே எண். வேறு தொந்தரவு உண்டா என்று கேட்டேன்.

"நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். எப்பவாச்சும் மூக்குல ரத்தம் வரும்."

கதவருகே நின்ற சூப்பர்வைசர் அண்ணாச்சி விடவில்லை. "ஏட்டி, நாள் பூரா நின்னா எல்லாத்துக்கும் கால் வலிக்கத்தான் செய்யும். உனக்கு மட்டும் என்ன தங்கக் காலா?"

அவர் நகர்ந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பிரஷர்னு எழுதிராதீங்க. ஊருக்கு அனுப்பிருவாவ. தம்பி படிக்கான். இந்தக் கையில பாருங்களேன்."

இடது கை. நூற்றிருபதுக்கு எண்பது.

"பாத்தீங்களா, மிஷின்தான் கோளாறு!"

எனக்கும் அப்படி நம்பத்தான் பிடித்திருந்தது. இடது கை எண்ணை மட்டும் எழுதி, ஃபிட் என்று டிக் அடித்தேன்.

ஆறு வாரத்தில், புடவை மடித்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்தபடி கவுன்ட்டரிலேயே சரிந்தாள். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஐசியு டாக்டர் என் விரல்களை அவள் பாதத்தின் மேல் வைத்தார். கையில் துடித்த நாடி அங்கே இல்லை.

"இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே ஒரு இடத்துல சுருங்கியிருக்கு சிஸ்டர். வலது கைக்கும் மூளைக்கும் போற கிளை அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிடுது. அங்கெல்லாம் பிரஷர் எகிறும். சுருக்கத்தைத் தாண்டி கால் பக்கம் ரத்தம் சரியா போகாது. இவளுக்கு இடது கைக் குழாயும் அந்தச் சுருக்கத்துலயே மாட்டிருக்கு. மூளையில குழாய் வெடிச்சிடுச்சு."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"ஆபரேஷன் பண்ணியிருக்கலாம், ஸ்டென்ட் வெச்சிருக்கலாம். யாராவது ஒருத்தர் ரெண்டு கையிலயும் பாத்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்."

"பாத்தேன் டாக்டர்" என்றேன்.

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, சின்ன வயதில் பிபி ஏறியிருந்தால் இரண்டு கையிலும் பாருங்கள், காலிலும் பாருங்கள். தொடை இடுக்கில் காலுக்குப் போகும் நாடியைத் தொடக் கூச்சமென்றால், சொல்லிவிட்டுத் தொடுங்கள். இரண்டு எண் வந்தால் வசதியானதை எடுக்காதீர்கள். அந்த வித்தியாசம்தான் நோய். அதை எழுதினால் ஒருத்திக்கு வேலை போகலாம். போகட்டும். திட்டுவதற்கு அவள் இருப்பாள்.