எலும்பு பிடிக்காத பல்

மருத்துவர் இரண்டு விரல்களால் தொட்டதும் மேல்தாடையில் பதித்திருந்த திருகாணி அசைந்தது. கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்த என் கணவருக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

"நோகுதோ ஐயா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"எலும்பு பிடிக்கேல்லை அம்மா," என்று மருத்துவர் என் பக்கம் திரும்பினார். மகள் வயதுப் பெண். என்னைவிட அவளுக்கே கவலை கூடுதல் என்று குரலில் தெரிந்தது.

அது மேல்வரிசை முன்பல். முன்னரே நரம்பை எடுத்து வேரை அடைத்துச் சில வருடங்கள் காப்பாற்றி வைத்திருந்தோம். ஒருநாள் முறுக்குக் கடிக்கையில் வேரோடு பிளந்தது, பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கலியாண வீடுகளில் சால்வைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டே கதைப்பார். கழற்றி மாட்டும் பல்லை ஒருநாள் போட்டுப் பார்த்தார். வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் பேசும்போது அது நழுவியது. அதன்பின் அதைத் தொடவில்லை. அவருடைய சிரிப்பைப் பார்த்துத்தான் நான் அவரைக் கட்டச் சம்மதித்தேன் என்பதை அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

ஆகவே தேடிப் படித்தேன். தாடை எலும்பில் தைத்தேனிய உலோகத் திருகாணி ஒன்றைப் பதிப்பார்கள். சில மாதங்களில் எலும்பு வளர்ந்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அதன்மேல் பல்லைப் பொருத்துவார்கள். முன்பு இதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும். இப்போது கிளிநொச்சி நகரிலேயே, தாடையைக் கணினித் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, எலும்பின் தடிப்பை அளந்துவிட்டுத் துளையிடுகிறார்கள். வட்டக்கச்சியில் எங்கள் குசினி அடுப்படியில் உட்கார்ந்து, ஊசிக்குப் பயந்த அவருக்கு இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன்.

முதல்நாளே மருத்துவர் கேட்டார்: "சிகரெட் பத்துறனீங்களோ ஐயா? புகை பட்டால் எலும்பு பிடியாது."

"சிகரெட்டோ? தொடுறேல்லைப் பிள்ளை."

நான் சும்மா இருந்திருக்கலாம். "கலியாணத்தோட விட்டவர் டொக்டர். எனக்காக விட்டவர்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

திருகாணி பதித்தபின் புண் ஆறவேண்டிய மாதங்களில் சோற்றைக் குழைத்தும் புட்டைப் பாலில் ஊறவைத்தும் கொடுத்தேன். வயலிலிருந்து திரும்பும்போது அவருடைய சேட்டில் சுருட்டு மணந்தது.

"உம்மட தம்பிதான். வரம்பில பக்கத்தில இருந்து ஊதுறான். நான் என்ன செய்ய?" என்றார்.

என் தம்பியின் வயல் எங்களுடையதை ஒட்டியது. சுருட்டை விட்டுவிட்டதாக அவன் சொல்லியிருந்தான், நான் நம்பவில்லை. வாசல் படலையடியில் மறித்துப் பேசினேன்: "அந்த மனுசன்ர வாயில புண் ஆறவேணும். உன்ர சுருட்டை வேற எங்கயும் கொண்டுபோய்ப் பத்து."

அவன் தலையைச் சொறிந்தான். "சரி அக்கா. பேச்சு வாங்கித்தானே வளந்தனான்," என்று சிரித்துவிட்டுப் போனான்.

இப்போது மருத்துவர் திருகாணியைச் சுற்றியிருந்த முரசுச் சதையை மறுபடி உற்றுப் பார்த்தார். "ஐயா, சிகரெட் இல்லை எண்டனீங்கள். சுருட்டு?"

அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மறுமொழி இருந்தது.

மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் அவரே தொடங்கினார்.

"அவ சிகரெட் எண்டுதானே கேட்டவ. நான் பொய் சொல்லேல்லை."

"என்னட்டை?"

"உம்மட்டையும் சிகரெட்டைத்தானே விடுறன் எண்டனான்."

இத்தனை வருடங்களாக அந்த ஒரு சொல்லுக்குள் அவர் வசதியாகக் குடியிருந்திருக்கிறார். வாசலில் என்னை நிறுத்திவிட்டு.

பின்னேரம் தம்பி வந்தான். கேட்டேன். மறைக்கவில்லை.

"அத்தான்தான் கேட்டவர் அக்கா, பழியை நான் ஏற்கச் சொல்லி. நீ என்னைப் பேசினால் பிறகு மறந்திடுவாய். அவரைப் பேசினால் மறக்கமாட்டாய் எண்டவர்."

இருவரும் என்னைச் சரியாகவே அறிந்து வைத்திருந்தார்கள். அந்த அறிவை என்மேல் அன்பு செலுத்தவும் பயன்படுத்தியிருக்கலாம்.

திருகாணியைக் கழற்றிச் சில மாதங்களில் எலும்பு ஆறியபின், புகையிலையை முழுக்க விட்டால், இன்னொருமுறை பதிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த மாதங்களும் கழிந்தன. அவருக்குப் பிடித்தபடி சோற்றைக் குழைத்தேன். சேட்டை மணந்து பார்க்காமலே தோய்த்தேன். போகவேண்டிய காலையில் அவர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"இஞ்சரும், நீரும் வந்தால் நல்லது."

"என்னத்துக்கு? வழி தெரியும்தானே."

"அதில்லை. நான் விட்டிட்டன் எண்டு சொன்னால் அந்தப் பிள்ளை இனி நம்பாது. நீர் சொன்னால்..."

அவர் உண்மையிலேயே விட்டிருக்கக்கூடும். அவருடைய சேட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது, அதைப் பூட்டிவிட்டேன்.

"எனக்குத் தெரியாது," என்றேன். "தெரியாததை நான் சொல்லமாட்டன்."

அவர் தனியாகப் போனார்.