இரண்டாவது குண்டு

துப்பாக்கி பழுதுபார்க்கும் அவருக்குத் தெருவில் 'பொறுமை' என்று பட்டப்பெயர். வைத்தவள் மனைவிதான். உப்பு வாங்கி வா என்று அனுப்பினால், சாப்பிட்டுக் கை கழுவும்போது வந்து நிற்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பாள்?

யார் துப்பாக்கி கொண்டுவந்தாலும் முதலில் தோட்டாக்களை மனைவி கையில் கொடுத்துவிடுவார். அவள் அவற்றைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள். துப்பாக்கி ஓர் அறையில், தோட்டா ஓர் அறையில். "மாமியாரும் மருமகளும் மாதிரி" என்பாள்.

அவருடைய தங்கையின் கணவர் ஒரு கிடங்கில் காவலாளி. கிடங்கு கொடுத்த ரிவால்வரோடு ஒரு மத்தியானம் வந்தார். தங்கையும் கூட வந்திருந்தாள்.

"பயிற்சியில சுட்டேன் மச்சான். டமார்னு கேக்கல, தும்மல் மாதிரி ஒரு சத்தம். குண்டு குழாய்க்குள்ளயே நின்னுடுச்சு."

"தோட்டாவுல வெடிமருந்து சரியா எரியல. அதுக்கப்புறம் சுட்டீங்களா மாப்ள?"

"சேச்சே. அதோட நிறுத்திட்டேன்."

"இன்னைக்கு டூட்டிக்கு இது வேணும் அண்ணா," என்றாள் தங்கை. "ஏற்கெனவே கூப்பிட்டு எச்சரிச்சிருக்காங்க. இனிமே ஏதாவதுன்னா வேலை போயிடும்."

பொறுமை தோட்டா போடும் உருளையைக் கழற்றினார். துளைகள் காலிதானா என்று கண்ணால் பார்த்து, நம்பாமல் விரலாலும் தடவினார். குழாய்க்குத் தோலைச் சுற்றி மேசையில் இருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து, எண்ணெய் விட்டு ஊறவைத்தார். மாப்பிள்ளை கால் மாற்றி நின்றார்.

"ஒரே போடா போட்டுத் தள்ளுங்களேன் மச்சான்."

"ஓங்கி அடிச்சா பிதுங்கி இன்னும் இறுகிக்கும். உக்காருங்க."

இரும்பு உள்ளே கீறிவிடும் என்று பித்தளைக் கம்பியைத்தான் குழாய் வாயில் நுழைத்தார். மரச்சுத்தியால் மெல்ல மெல்லத் தட்டினார். ஈயக் குண்டு பின்பக்கமாக நகர்ந்து தட்டில் விழுந்தது. கம்பியின் முனை இன்னும் வெளியே வரவில்லை. மறுபடி தட்டினார். இன்னொன்று விழுந்தது.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி சொன்னார். "பின்னாடி சூப்பர்வைசர் நின்னாரு. சுடத் தெரியலைன்னு சிரிப்பாரேன்னு இன்னொரு தடவை அழுத்திட்டேன்."

பொறுமை குழாயைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே, நடுவில், மோதிரம் போல ஒரு கறுப்பு வளையம். வெளியே அதே இடத்தில் கட்டைவிரலுக்கு மட்டும் தெரிகிற மேடு.

"உப்பிடுச்சு. அடுத்த தடவை வெடிச்சா குண்டு முன்னாடி போகாது, குழாயே பிளந்துடும்."

"யாருக்கு அண்ணா தெரியும்? இவர் அங்க சுட்டதே இல்ல. இடுப்புல தொங்கினா போதும். சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"சுட வேண்டி வந்தா?"

பொறுமை அவர்கள் எதிரிலேயே கிடங்குக்குப் போன் செய்து, குழாயில் இரண்டு குண்டு இருந்தது, இந்தத் துப்பாக்கி இனி ஆகாது என்றார். இரண்டு குண்டு எப்படி வந்தது என்று அங்கே கேட்டார்கள். அதையும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை.

தங்கை இப்போது அண்ணன் வீட்டுப் படி ஏறுவதில்லை. சந்தையில் அண்ணியைப் பார்த்தால் மட்டும் நிற்பாள்.

"உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல என் புருஷன் கண்ணும் கையும் முழுசா வீட்டுல உக்காந்திருக்காரு அண்ணி. வேளா வேளைக்கு நல்லா சாப்பிடுறாரு."

மனைவி வந்து அப்படியே சொன்னாள். பொறுமை கம்பியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

"சாப்பிடட்டும்," என்றார்.