பேச்சித்தாய் அக்கா ஊதின மிஷின்

குற்றாலத்துல எனக்குப் பழக்கடை. பக்கத்துல பேச்சித்தாய் அக்காவும் அவ புருஷன் நயினார் அண்ணாச்சியும் சிப்ஸ் கடை வச்சிருக்காவ. காலங்காலமா அக்காதான் விறகடுப்பு முன்னால நின்னு நேந்திரங்காய் வறுக்குதா. அண்ணாச்சி கல்லாவுல காத்து வாங்குதாரு.

கொஞ்ச வருசமா அக்காவுக்கு இளைப்பு. வாழைத்தாரைத் தூக்க முடியல. படுத்தா மூச்சு முட்டுதுன்னு சுவர்ல சாஞ்சேதான் தூங்குதா. சாரல் ஒத்துக்கலன்னு அண்ணாச்சி சுக்குத்தண்ணி வச்சுக் குடுத்தாரு. சுக்குக்கு அடங்குற இளைப்பா அது? நாந்தான் சண்டை போட்டு தென்காசி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்.

"பீடி, சுருட்டு பழக்கம் உண்டா"ன்னாரு டாக்டர். அக்காவுக்குக் கோவம் வந்துட்டு. அவரு சிரிக்காம ஒரு குழாயைக் குடுத்து, பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னாரு. மருந்து குடுத்து மறுபடியும் ஊதச் சொன்னாரு. எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு. சிஓபிடின்னாரு. மூச்சுக்குழாய் சுருங்கிப்போக அடுப்புப் புகையே போதுமாம். கெட்டது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தலாம், ஆனா புகையை விட்டே ஆகணும்னாரு. கேப்சூலும், அதைப் போட்டு இழுக்குற சின்ன மிஷினும் எழுதிக் குடுத்தாரு. நர்ஸ் விளக்கும்போது நான் ஆட்டோ பிடிக்கப் போயிட்டேன். அக்கா எல்லாத்துக்கும் தலையாட்டிருக்கா.

ஒரு மாசமாச்சு, ஒரு மாத்தமும் இல்ல. "இந்த மருந்தே வேண்டாம் பானு"ன்னா. எப்படிப் போடுதிய, காட்டுங்கன்னேன். கேப்சூலைக் கட்டஞ்சாயாவுல முழுங்கிட்டு, வெறும் மிஷினை வாயில வச்சு ஊதுதா! ஆஸ்பத்திரியில ஊதினோமே, இதுவும் அப்படித்தான்னு நினைச்சிருக்கா. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா, அதனால எனக்குத் தெரியும். "கூறுகெட்ட அக்கா, மிஷினுக்குள்ள போட்டு உள்ள இழுக்கணும்"னு சொல்லி, நர்ஸ்கிட்டயே திரும்பக் கூட்டிட்டுப் போயிப் பழக்கினேன்.

மெல்ல இளைப்பு தணிஞ்சுது. ஒருநா காலையில வந்து, "ராத்திரி படுத்துத் தூங்கினேன் பானு"ன்னா. சொல்லும்போதே கண்ணு நிறைஞ்சுட்டு. எனக்கும்தான்.

டாக்டர் சொன்னதுலருந்து அக்கா கேஸ் அடுப்புலதான் வறுத்தா. சீசன் வந்துது. அண்ணாச்சி விறகை இறக்கினாரு. "கேஸ்ல வறுத்தா ருசி வராது. இந்த சீசன் மட்டும் சமாளி"ன்னாரு.

அக்கா உள்ள போயிக் கடப்பாறையை எடுத்துட்டு வந்து அடுப்பை இடிச்சா. நடுநடுவுல நின்னு மூச்சு வாங்கினா. நான் குடுங்கன்னேன், குடுக்கல. முழுசா இடிச்சு முடிச்சப் பொறவுதான் அண்ணாச்சியைப் பாத்தா.

"அடுப்பு இருந்தா நீங்க கேப்பிய. நீங்க கேட்டா நான் போயி நிப்பேன்."